முதுகு காட்டாத திருடன்

"இந்தத் தடவை மேஜர் பல்லு யார் மேலயாச்சும் பட்டுச்சு, நாயைச் சுட்டுருவேன் வேலு."

தொரை சிரிக்காமல் சொன்னார். வேலு மேஜரின் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மேஜர், தொரையின் அல்சேஷன் நாய். போன மாதம் பால்காரரைக் கடித்து வைத்தது. அன்றிலிருந்து பங்களா வேலைக்காரன் வேலு அதைப் பழக்கிக்கொண்டிருந்தான். திருடனைக் கண்டுபிடிக்கணும், மறித்து நிற்கணும், குரைக்கணும். கடிக்க மட்டும் கூடாது. பயிற்சிக்குத் திருடன், அதே பங்களாவின் தோட்டக்காரன் சின்னையா.

இன்று பினாங்குக் கடற்கரைத் திடலில் போட்டி. வரிசையாக நாற்காலி போட்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொரை கொடுத்த பழைய கால்சட்டையை மாட்டி, கையிலும் நெஞ்சிலும் கோணியைச் சுற்றிக்கொண்டு, பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்தான் சின்னையா.

"மேஜர், தேடு!"

நாய் பாய்ந்தது. அடுக்குக்குப் பின்னால் ஒரே குரைப்பு. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வேலு மாரியாத்தாளைக் கூப்பிட்டான். மறுபடி குரைப்பு கேட்டது.

விசிலடித்ததும் மேஜர் சமர்த்தாக ஓடி வந்து வேலுவின் காலடியில் உட்கார்ந்தது.

சின்னையா வெளியே வந்தான்.

"கடிச்சுதா?" என்று கேட்டார் நடுவர்.

"இல்லீங்க தொரை. பல்லே படலீங்க."

"பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டித் தொரை கைதட்டினார். முதல் பரிசு மேஜருக்கு. சந்தோஷத்தில் சின்னையாவுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு!"

"ஐயையோ, தொரை முன்னால நான் உட்காரலாமுங்களா?"

கும்பிட்ட கையோடு சின்னையா பின்னோக்கியே நடந்தான். ஒரு துரைசானியின் கோப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டான். அப்போதும் திரும்பவில்லை. அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டு, பின்னோக்கியே போய் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன மரியாதை பாருங்க! முதுகையே காட்ட மாட்டேங்கிறான்" என்று உருகினார் தொரை.

வேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எந்த வெள்ளைக்காரனுக்கும் கும்பிடு போடாதீங்க' என்று தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிற ஆளா இது?

கூட்டம் கலைந்ததும் நேரே மரத்தடிக்குப் போனான்.

"மானம் கெட்டவனே! சங்கத்துல அந்தப் பேச்சு, இங்க இந்தக் கும்பிடா?"

"மெதுவா பேசுங்கண்ணே."

"எதுக்கு மெதுவா? அவரே உட்காரச் சொன்னாரு. ஜம்முன்னு உட்கார வேண்டியதுதானே!"

"தொரை போயிட்டாரா?"

"போயிட்டாரு. ஏன், போய்க் காலைப் பிடிக்கணுமா?"

"உங்க தோள்துண்டைக் கொடுங்கண்ணே."

"எதுக்கு?"

சின்னையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பினான்.

கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. உள்ளே பல் தடம் சிவந்திருந்தது.

வேலு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினான். மேஜர் ஒன்றும் அறியாததுபோல் வாலை ஆட்டியது.

"அவன் மேல தப்பில்லண்ணே. நான்தான் பயந்து திரும்பி ஓடப் பார்த்தேன்" என்றபடி சின்னையா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். "என் மானம் போனா துண்டைக் கட்டிக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தா மேஜரைச் சுட்டிருப்பாரே!"