எல்ஸ்பெத் அம்மாளின் ஆட்சேபணை

"அந்தக் கம்பத்தைப் பாருங்க தலைவரே. சர்ச் கடிகாரத்துல சின்ன முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியல. இனிமே மணி பார்க்கணும்னா நான் உங்க வீட்டுக்குத்தான் வரணும்."

எல்ஸ்பெத் அம்மாள் கைத்தடியால் வானத்தைக் காட்டினாள். நகர மன்றத் தலைவர் உர்ஸ் வேண்டாவெறுப்பாக அண்ணாந்து பார்த்தார்.

கடைவீதி நடுவில் இருந்த தன் பேக்கரிக்கு மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்ப ரெத்தோ அனுமதி கேட்டிருந்தான். அந்த ஊர்ச் சட்டப்படி, வரப்போகும் உயரத்துக்கு முதலில் கம்பம் நட்டு ஊருக்குக் காட்டியாக வேண்டும். குறை இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஊரில் எழுதிக் கொடுத்தது ஒரே ஒருத்திதான். அதுவும் பக்கத்துக்கு ஒன்றாகப் பதினோரு ஆட்சேபணை.

தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எல்ஸ்பெத் அம்மாளுக்கு இதுதான் வேலை. நூலகத்தை எதிர்த்தாள், நீச்சல் குளத்தை எதிர்த்தாள். உர்ஸ் ஆசை ஆசையாகக் கட்டிய கார் கொட்டகையைக்கூட விடவில்லை. அவள் புகாரால் அதில் ஓர் அடியை அவர் இடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கும் எதிர்க் கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து அவள் தடியூன்றி இறங்கி வரும்வரை, மன்றத்தார் ஐந்து பேரும் கால் மணி நேரம் குளிரில் காத்து நின்றார்கள்.

ரெத்தோ கையைப் பிசைந்தான். "ரெண்டு மாடி கிடைச்சாத்தான் லிஃப்ட் வெச்சுக் கட்டுறது கட்டுப்படியாகும் தலைவரே. ஒண்ணுதான்னா எனக்கு வேற வழியில்ல. கடையை மூடிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் போயிடுவேன்."

"போயேன். லிஃப்ட் சத்தம் இல்லாம நிம்மதியா தூங்குவேன். அது என் ஏழாவது ஆட்சேபணை" என்றாள் எல்ஸ்பெத் அம்மாள்.

உர்ஸ் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். எந்த வழக்கானாலும் இரு தரப்புக்கும் பாதிப் பாதி. பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல். அதனால்தான் பன்னிரண்டு வருஷமாகத் தலைவராக இருக்கிறார். பக்கத்தில் நின்ற உறுப்பினர்களிடம், ஒரு மாடி கொடுத்து முடித்துவிடலாம் என்று கிசுகிசுத்தார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ரெத்தோவின் முகம் வெளுத்துவிட்டது.

எல்ஸ்பெத் அம்மாளுக்கு முட்டிதான் சரியில்லை, காது நன்றாகவே இருந்தது.

"ஒரு மாடியா? அது போதும் எனக்கு. தலைவர் இந்தத் தடவையும் என் பேச்சைத் தட்டலைன்னு சாயங்காலமே பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். கார் கொட்டகை விஷயத்துல பணிஞ்ச மாதிரியே இதுலயும் பணிஞ்சுட்டார். நல்ல மனுஷன்."

உர்ஸின் காது மடல் சிவந்தது. உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு பேக்கரிக்குள் போனார். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"பதினோரு ஆட்சேபணையும் தள்ளுபடி. ரெண்டு மாடியும் கட்டிக்கலாம். அஞ்சு பேரும் ஒரே முடிவு." அதைச் சொல்லும்போது அவருக்கு வாயெல்லாம் பல்.

இந்த ஊர் உருப்படாது என்று சபித்துவிட்டு எல்ஸ்பெத் அம்மாள் தன் படிகளை நோக்கி நடந்தாள். அன்று உர்ஸ் வீட்டில் உருளைக்கிழங்கு ரோஸ்தியோடு ஒயினும் உண்டு.

மறு வருஷம் கட்டி முடித்ததும் ரெத்தோ மேல்மாடியில் விருந்து வைத்து மன்றத்தார் எல்லோரையும் கூப்பிட்டான். உர்ஸ் புது லிஃப்டில் சத்தமில்லாமல் மேலே போனார். கதவு திறந்தது.

சர்ச் கடிகாரம் முழுசாகத் தெரியும் ஜன்னலோரம், சொந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்ஸ்பெத் அம்மாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தலைவரே, இதுதான் என் புது வீடு. ரெத்தோ பிளான் போட்ட அன்னைக்கே பேசி வெச்சது. இது எனக்குன்னு தெரிஞ்சிருந்தா நீங்க ஒரு மாடிகூடத் தந்திருக்க மாட்டீங்களே. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நாலு மாடி எத்தனை நாளைக்கு ஏறுவேன், சொல்லுங்க?" என்று அவருக்குப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். "அப்புறம், நம்ம வாசல்ல பஸ் நிறுத்தம் கொண்டு வரலாமான்னு மன்றத்துல பேச்சாமே? நாளைக்கே ஆட்சேபணை எழுதிடறேன்."