காலி பாட்டில்

"வாயைத் திறங்க. இன்னும் அகலமா."

டாக்டரின் அறை வாசலில், காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க, கணவரின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள் அவள். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கழிவறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவனைக்கூடப் பெட்டியில் ஏறிய மறுநிமிடமே மோப்பம் பிடித்துவிடுவாள். சொந்தப் புருஷனை மட்டும் விட்டுவிடுவாளா?

"பற்பசை வாசனைதான் வருது" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வேற என்ன வரும்? நீதான் ஈரலைக் கனவுல கூடப் பார்க்க விடமாட்டேங்கறியே."

அவருக்கு வேலை, வானத்தை முட்டும் கட்டடக் கிரேனின் உச்சிக் கூண்டில். எதிரி, கால் பெருவிரலில். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி மூட்டில் படிந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வீங்கிவிடும். கறி, ஈரல், மீன், பீர் எல்லாவற்றுக்கும் டாக்டர் தடை போட்டார். மாத்திரையும் கொடுத்தார். அப்படியும் போன தடவை வரை அமிலம் இறங்குவேனா என்றது. இந்தத் தடவையும் இறங்காவிட்டால் ஏணி ஏறக் கூடாது, கிடங்கில் உட்கார்ந்து ஆணி எண்ண வேண்டியதுதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

எங்கேயோ திருட்டுத்தனமாகக் கறி தின்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். பையைக் குடைந்தாள். சட்டையை முகர்ந்தாள். ஒன்றும் சிக்காமல் போகவே, கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும், எல்லாரும் 'விசில்' என்று கூப்பிடும் பையனை ஒற்றனாக நியமித்தாள். விசில் தினமும் சாயங்காலம் போன் செய்து ஒப்பித்தான்.

"அக்கா, அண்ணன் உங்க டப்பாவைத் தவிர வேற எதையும் தொடலை. ஜூஸ் பாட்டில் காலி."

ஜூஸ் என்றதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கறியைப் பிடுங்கிக்கொண்டோமே என்ற பாவத்துக்கு, அவளே பழம் பிழிந்து, தாராளமாகச் சர்க்கரை போட்டுக் கொடுப்பது. முன்பெல்லாம் வீட்டில்தான் குடிப்பார். கொஞ்ச நாளாக, "வேலை பார்க்கிற இடத்துல குடிச்சாத்தான் தெம்பா இருக்கு" என்று பெரிய பாட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இறங்கிடுச்சு. நல்லாவே இறங்கிடுச்சு. மாத்திரையை விட்டுடாதீங்க, ஆனா தாராளமா ஏணி ஏறலாம். போன தடவை நீங்க தனியா வந்தப்ப நான் சொன்னேன் பாருங்க, அந்த..."

கணவருக்குத் திடீரென்று பலமான இருமல் வந்தது. இருமிக்கொண்டே டாக்டருக்கு நன்றி சொல்லி, மனைவியின் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். போன தடவை அவள் டியூட்டியில் இருந்ததால் கூட வரவில்லை. வந்திருந்தால் அமிலத்தை அப்போதே இறக்கியிருக்கலாம் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கறியைத் தடுத்தது யார், காவல் போட்டது யார் என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிரேனடியில் ஆட்கள் கைதட்டினார்கள். ஏணியில் கால் வைத்தவர், பெருவிரலை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். வலி இல்லை. பிறகு இருபது வயதுப் பையனைப் போல விறுவிறுவென்று ஏறினார். உச்சிக்குப் போய்க் கையசைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கைப்பையில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது.

"தம்பி, ஜெயிச்ச மனுஷன் வெறும் வாயோட போயிட்டார். இதைக் கயிறு கட்டி மேல அனுப்பு" என்று விசிலிடம் நீட்டினாள்.

விசிலின் கண்ணும் கவனமும் மேலேதான் இருந்தன. கை மட்டும் தன்பாட்டுக்குப் பாட்டிலை வாங்கியது, மூடியைத் திருகியது. அண்ணாந்து மடக்மடக்கென்று பாதிப் பாட்டிலை இறக்கிய பிறகுதான், யார் கொடுத்த பாட்டில் என்று அவனுக்கு உறைத்தது. புதிதாகப் போட்ட தொப்பைக்கு மேல் சட்டைப் பொத்தான் திணறிக்கொண்டிருந்தது.

அவன் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"விசிலு, அவ போயிட்டாளா? கறியை விட்டும் அமிலம் இறங்காததுக்கு அந்தச் சர்க்கரை ஜூஸ்தான் காரணம்னு டாக்டர் சொன்னது மட்டும் அவளுக்குத் தெரிஞ்சுதுன்னு வச்சுக்கோ, நான் இந்தக் கிரேனை விட்டு இறங்கவே முடியாது."

அவள் வாக்கிடாக்கியைப் பிடுங்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"இறங்கி வாங்க. அபராதம் எனக்குத்தான்."