சாதாத் தண்ணி எலிகள்

"எல்லா எலிக்கும் கொழுப்பு கொறஞ்சிடுச்சுக்கா!" என்று அழுதாள் ஜுவைரியா.

"நல்ல சேதிதானே பாப்பா! அதுக்கு இன்னாத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கினு கீற?" என்றாள் கூண்டு கழுவும் கங்கம்மா.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மருந்து கம்பெனியின் லேப். அங்கே இருந்த எலிகளுக்கெல்லாம் சர்க்கரை வியாதி. பாதிக்கு ஜிங்க் சத்து கலந்த தண்ணீர், மீதிக்குச் சாதாத் தண்ணீர். ஜிங்க் குடித்த எலிகளுக்கு மட்டும் ரத்தத்தில் கொழுப்பு இறங்கினால் ஜுவைரியாவுக்கு டாக்டர் பட்டம்.

"சாதாத் தண்ணி குடிச்சதுக்கும் இறங்கியிருக்கே! அப்போ ஜிங்க்கால ஒரு பிரயோஜனமும் இல்ல. என் படிப்பே போச்சு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜிங்க் டப்பாவைத் திறந்தாள்.

காலி. கணக்குப்படி பாதியாவது இருக்க வேண்டும்.

"அக்கா! எல்லா பாட்டில்லயும் கலந்துட்டீங்களா?"

"இன்னாம்மா பேஜார் பண்ற? எனக்கு அந்த மூடியையே தொறக்க வராது!"

"சாதாத் தண்ணி கூண்டுகிட்ட நின்னு தெனமும் 'ஐயோ பாவம்'னு சொல்றது யாரு?"

"வாயால சொன்னேன். அதுக்குமா கேஸு?"

மேனேஜர் ஆதிநாராயணன் உள்ளே வந்தார். 'நோ சென்டிமென்ட்' என்பதை குட்மார்னிங் மாதிரி சொல்பவர். எலிக்குப் பெயர் வைத்த குற்றத்துக்காக ஒருவனைப் பேக்கிங் செக்‌ஷனுக்குத் தூக்கியடித்தவர்.

"சார், இவங்க இரக்கப்பட்டு எல்லாத்துக்கும் ஜிங்க் குடுத்துட்டாங்க. இவங்களை மாத்திடுங்க சார்!"

அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"எல்லாமே ஜிங்க் குடிச்சிருக்கு. எல்லாத்துக்கும் கொழுப்பு இறங்கியிருக்கு. அப்படின்னா?"

ஜுவைரியா யோசித்தாள். மூக்கு உறிஞ்சல் நின்றது.

"அல்லாவே! அப்போ ஜிங்க் வேலை செய்யுது சார்!"

"புது எலிங்க வரவழைக்கிறேன். மூணு மாசம். திரும்பச் செஞ்சு நிரூபி."

"செஞ்சிடுறேன் சார்! ஆனா கங்கம்மாக்கா?"

"அவங்களே இருக்கட்டும்."

"மறுபடி கலந்துட்டா?"

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து தன் சர்க்கரை மாத்திரையை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

"அவங்க கலக்க மாட்டாங்க. நீ டப்பாவைப் பூட்டி வை. சாவியை மட்டும் என்கிட்ட குடுத்துடாத."