மாப்பிள்ளையின் ஸ்க்ரூ டிரைவர்

இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி ஆம்ப், ஒரே மாதிரி ஸ்பீக்கர்.

ஒன்று இவன் மாட்டியது. மற்றது மாப்பிள்ளை மாட்டியது.

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். வேலையில்லாமல் திரிந்தவனை இந்தக் கார் ஆடியோ கடைக்குக் கூட்டிவந்து முதலாளி முன்னால் நிறுத்தியதே இவன்தான். இன்றைக்கு வாசலில் வண்டியை நிறுத்துகிற ஒவ்வொருத்தரும், இவன் முகத்துக்கு நேரேயே, "அவர் இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். எது காதுக்கு இதமாக இருக்கிறதோ, அதை மாட்டியவனுக்குத்தான் அவர் திறக்கப்போகிற புதுக் கடையின் சாவி. காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஒயர் இழுப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்பை, ஸ்பீக்கர் தாங்குகிற அளவுக்கு அடக்கிவைப்பதுதான் வேலை. பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருப்பார்கள், நம்பினால் போச்சு. ஆம்பின் பக்கவாட்டில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை மெல்லத் திருப்பிக்கொண்டே போய், பாட்டு உடைகிற இடத்தைக் காதால் பிடித்து, அங்கிருந்து ஒரு மயிரிழை பின்வாங்கி நிறுத்த வேண்டும். கூடிப்போனால் முதலில் சத்தம் கிழியும். பிறகு ஸ்பீக்கர் கருகும்.

இவன் மாட்டிய ஸ்பீக்கர் ஒன்றுகூடக் கருகித் திரும்பி வந்ததில்லை. ஆனால் அதை யார் சொல்கிறார்கள்?

இது போதாதென்று, இவன் முடித்துவைத்த வண்டிக்குள்ளெல்லாம் மாப்பிள்ளை தலையை நுழைப்பான். கேட்டால், "என் ஸ்க்ரூ டிரைவர உள்ள மறந்துட்டேன் மச்சான்" என்பான். இன்று காலையிலும் அப்படித்தான் நுழைந்தான். வேவு பார்க்கிறான் என்று இவனுக்குத் தெரியாதா?

அதையும் பக்கத்தில் வந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்வான். கை ஓங்கியவனுக்குக் குரலும் ஓங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போனால் அங்கே அதைவிட மோசம். மனைவி இப்போதெல்லாம் பேசுவதே இல்லை, கத்துகிறாள்.

மற்றவர்கள் கைகழுவப் போன நேரம் பார்த்து, இவன் மாப்பிள்ளையின் வண்டிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். பாட்டைப் போட்டான். இந்தக் கடையில் எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டி அலறிக்கொண்டுதான் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சீட்டுக்கு அடியில் குனிந்து, கெயினை ஒரு மயிரிழை கூட்டினான்.

உடையவில்லை.

இன்னும் கொஞ்சம். பாட்டு வழுவழுவென்றே ஓடியது. பாவி, எப்படித்தான் கட்டிவைத்திருக்கிறான்! பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். திருகு போய் முட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் லேசாக ஒரு கரகரப்பு கேட்டது.

போதும்.

முதலாளி முதலில் மாப்பிள்ளையின் வண்டியில் ஏறினார். பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"என்னய்யா இது, தகரத்தத் தரையில போட்டு இழுக்கற மாதிரி!"

சுற்றி நின்றவர்கள் பல் கூசி முகம் சுளித்தார்கள். இவனுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. ஆனாலும் மற்றவர்களைப் பார்த்துத் தானும் சுளித்துக்கொண்டான்.

மாப்பிள்ளை பாட்டை நிறுத்தினான். குனிந்து, திருகு நிற்கிற இடத்தைப் பார்த்தான். நிமிர்ந்து இவனை ஒரு தரம் பார்த்தான்.

"கை தப்பிடுச்சு முதலாளி."

அவ்வளவுதான் சொன்னான்.

இவனுடைய வண்டியில் முதலாளி ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் ரெண்டு பாட்டு ஓடியிருந்தா தூங்கியிருப்பேன்யா" என்று சிரித்துக்கொண்டே இறங்கி, சாவியை இவன் கையில் வைத்தார்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் இவன் தான் மாட்டிய வண்டியில் ஏறினான். ஜெயித்த பாட்டைத் தானும் கேட்க ஒரு ஆசை. கெயினை எங்கே நிறுத்தினான் என்பதற்குக் காலையில் ஆம்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். புதுக் கடையிலும் இதே அளவு வைக்கலாம் என்று நினைப்பு. குனிந்து பார்த்தான்.

திருகு கோட்டில் இல்லை. கோட்டுக்கு வெகுதூரம் கீழே இறங்கி நின்றது.

மாப்பிள்ளையின் ஸ்க்ரூ டிரைவர் பக்கத்திலேயே கிடந்தது.

அதை எடுத்து, திருகைத் தன் கோட்டுக்கே கொண்டுவந்து, பாட்டைப் போட்டான்.

இவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கண்ணாடிக்கு வெளியே, கடையில் கணக்குப் பார்க்கிற அம்மா பேனாவைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். வாசலில் நின்ற முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவசரமாக நிறுத்தினான். இத்தனை வண்டிகள். ஒன்றுகூடத் திரும்பி வராத இத்தனை வண்டிகள்.

இடது பக்கக் கதவு திறந்தது. மாப்பிள்ளை உள்ளே குனிந்தான்.

"ஸ்க்ரூ டிரைவர மறந்துட்டேன் மச்சான்" என்றான், எப்போதும்போல இவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் வந்து, சத்தமாக.