வலது பாதி

ஈரமான ரப்பர் உடை மேசைமேல் தொப்பென்று வந்து விழுந்தது. கீபோர்டு நனைந்தது.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வந்தது யாரென்று அந்த எறிதலிலேயே தெரிந்துவிட்டது.

“பாத்துட்டுத்தானே வெட்டினே?” என்றாள் தங்கை.

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து கழுத்தை நீட்டினார்.

அக்கா தங்கைக்குள் பேச்சு வார்த்தை நின்று வெகு நாளாகிறது. அம்மா படுக்கையில் கிடந்த ஒரு வருஷமும் அக்காதான் புரட்டிப் போட்டாள், துடைத்துவிட்டாள், ஊட்டினாள். தங்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் செய்தால் “வேலை” என்பாள். அதைக்கூட மன்னித்துவிடலாம். சாவுக்கு வந்தாளே, அந்த வரவைத்தான் அக்காவால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. தோள்வரை வழவழவென்று புதுசாக ஒரு முடி அலங்காரம். ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கிப் போடாமல், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மகாராணி மாதிரி நின்றாள். அன்றைக்கே அக்கா அவளைத் தலை முழுகிவிட்டாள்.

தங்கை துறைமுகத்தில் டைவர். கப்பல்களின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை. நடுவில் அந்த வேலை போயிற்று. திமிர் தாங்காமல் அனுப்பியிருப்பார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். இப்போது திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்குத் தண்ணீருக்குள் பரீட்சை; அதற்குப் போடுகிற ரப்பர் உடையை வெட்டித் தைத்தது அக்கா வேலை பார்க்கும் இந்தக் கடை. தேறாவிட்டால் கரையில் கயிறு சுற்ற வேண்டியதுதான்.

“இடது பக்கம் பூரா தண்ணி ஏறுது. குளிர்ல பல்லு கிட்டிப் போய், என்னத் தூக்கிக் கரையில போட்டாங்க. நீ பாத்துட்டுத்தானே வெட்டினே?”

“இஞ்சு இஞ்சா பாத்துத்தான் வெட்டினேன்,” என்றாள் அக்கா. “என் அளவுல ஒரு குறையும் இல்ல. உன் உடம்புலதான் ஏதாவது கோளாறு இருக்கும்.”

தங்கையின் முகம் வெளுத்தது.

அக்காவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இத்தனை பேர் முன்னால் அவள் வாயை அடைத்தாயிற்று. அந்தச் சூட்டோடு கம்ப்யூட்டரில் தங்கையின் அளவுக் கோப்பைத் திறந்தாள். எல்லோரும் பார்க்கட்டுமென்று திரையைக் கடைப்பக்கம் திருப்பியும் வைத்தாள்.

உண்மையில் வெட்டும்போது அவள் எதையும் பார்க்கவில்லை.

ரப்பர் தட்டையானது, உடம்பு அப்படியல்ல. ஆளைக் கடையின் வேறொரு கிளையில் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அந்த வளைவுகளை மென்பொருள் தட்டைத் துண்டுகளாக விரித்துக் கொடுக்கும். மேடு பெரிதாக இருந்தால் விரிய மாட்டேனென்று அடம்பிடித்துச் சிவப்பு காட்டும்; அங்கே ஒரு வெட்டுக் கொடுத்தால்தான் படியும். தட்டையான இடம் பச்சையாகவே இருக்கும். வலது பாதியை மட்டும் விரித்து, அதையே திருப்பி இடதுக்கும் வைத்துவிடுவது கடையின் வழக்கம். வேலை பாதி மிச்சம். ஆனால் அதற்குமுன் முழு உருவத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். கோப்பில் தங்கையின் பெயரைக் கண்டதும் அக்கா அதைச் செய்யவில்லை. இவள் மூஞ்சியை வேறு நான் பார்க்கணுமா என்று வலது பாதியோடு வேலையை முடித்துக்கொண்டாள்.

இப்போது முழு உருவத்தையும் விரிக்கும்படி மென்பொருளுக்குச் சொன்னாள்.

வலது மார்பு வழக்கம்போல் சிவந்தது.

இடது பக்கம் சிவக்கவே இல்லை. கழுத்தெலும்பிலிருந்து அடி விலாவரை ஒரே பச்சை. விரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. விலா எலும்பின்மேல் தோல், அக்குள்வரை குறுக்கே ஓடும் ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

அந்த இடத்துக்குத்தான் வலது மார்பின் துண்டை அப்படியே திருப்பி வைத்து வெட்டியிருந்தாள். வெற்றிடத்தில் கடல்தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்? பார்த்தும் எப்படி மனசு வந்தது என்றுதான் தங்கை இவ்வளவு நேரமும் கேட்டிருக்கிறாள்.

அக்கா துள்ளி எழுந்து திரையைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டாள்.

“என்னம்மா, யார் தப்பு?” என்றார் முதலாளி.

“என் தப்புதான். நீங்க உள்ள போங்க.”

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனையையும் மறைத்துக்கொண்டு தன்னை ஒரு ராட்சசியாக்கி நிறுத்திவிட்டாளே என்கிற ஆத்திரம்.

“எப்போடி?”

“அம்மா படுக்கையில விழுந்த மறுமாசம். கேன்சர்.”

“வாய் இருந்துச்சுல்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“அம்மாகிட்ட சொன்னேன்.” தங்கை ஈர உடையின் ஓரத்தைத் தரையில் பிழிந்தாள். குரலில் துளி இரக்கம் இல்லை. “உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ‘எனக்குச் செஞ்சு செஞ்சே அவ ஓடாத் தேஞ்சு போயிட்டா, உனக்கும் சேத்து ஓடினா அவளும் படுத்துருவா’ன்னா.”

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

அந்த ஒரு வருஷமும், ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும், அவள் தங்கையைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். நாசமாய்ப் போகட்டும் என்றிருக்கிறாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறப்பாள்.