செருப்போடு தொடும் கிரைண்டர்

புதுக் கிரைண்டரின் பிளக்கில் மூன்று கால்கள். சமையலறை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ இரண்டே ஓட்டைகள். வீட்டுக்காரர் குறடால் தடித்த எர்த் காலை வெட்டி எறிந்தார்.

“சும்மா நின்னவன்தானே, போகட்டும்” என்றது கிரைண்டர்.

ஒருநாள் மாவுத் தண்ணீர் மோட்டாருக்குள் கசிந்தது. ஈரக் கையோடு தொட்ட அவர் மனைவி அம்சவேணியைக் கிரைண்டர் ஷாக்கில் தூக்கி அடித்தது. சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் அதன் பக்கத்தில் வந்தாள்.

“வாசலோட கிடக்கிறவ நான். உன்னாலதான் சமையக்கட்டு வரைக்கும் என்னைக் கூட்டிட்டு வரா” என்றது செருப்பு.

கிரைண்டருக்குத் தலை நிமிரவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்தார். கசிவை அடைத்து, எர்த் கம்பி இழுத்து, புதிதாக மாட்டிய மூன்று கால் பிளக்கை அதற்கேற்ற பாயிண்டில் செருகினார். “இனி பயமில்லம்மா, தைரியமா தொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அம்சவேணி அரிசியோடு வந்தாள். காலில் செருப்பு.

“எல்லாம் சரியாயிடுச்சே, அவகிட்ட நீயாவது சொல்லேன்” என்று கெஞ்சியது கிரைண்டர்.

“நான் சொல்லி என்ன? அடி வாங்கினது அவ.”

அம்சவேணி கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

கிரைண்டர் மூச்சு விடாமல் நின்றது.