பாத்தியில் இறங்காத ஈஸ்வரி

வெங்காயப் பாத்திக்குள் இறங்கிய கோழியை வரம்புக்கு வெளியே நின்றே கைதட்டி விரட்டினாள் இரத்தினேஸ்வரி. கிடுகு வேலிப் பொத்தலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பிராசாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. களவெடுத்த அரிசி அங்கேதான் கிடக்கிறது.

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று உப்புவெளிச் சனமெல்லாம் காட்டுப்பக்கம் ஓடியது. அவள் மட்டும் போகவில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போன புருசன் கோணாமலை வரும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்றாளாம். ஓடிய சனம் திரும்பி வந்தும் கோணாமலை இன்னும் வரவில்லை.

வந்தவர்களுக்கு வீடுகள் இருந்தன, அரிசியும் மாவும் இருக்கவில்லை. தம்பிராசா ஒளித்துவைத்துவிட்டுப் போன மூட்டையையும் காணோம். இப்போது அவன் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அன்றைக்கு ஊரில் இருந்தவள் அவள் ஒருத்தி.

பாத்தியைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். வெங்காயம் முற்றி, தாள் சாய்ந்து காய்ந்து கிடக்கிறது, பிடுங்குவாரில்லை. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பிறகு நட்ட வெங்காயம் பச்சைப்பசேலென்று நிற்கிறது. அந்த இடத்தை வெட்டி மூடாமலா மேலே நட்டாள்? கறிக்கு நாலு வெங்காயம் கேட்டுப்போன அவன் பெண்சாதி புஸ்பராணியிடம், கடையில் வாங்கித் தருகிறேன், பாத்தியில் மட்டும் கைவைக்காதே என்றாளாம்.

இரத்தினேஸ்வரி குடத்தோடு கோயில் கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து, தம்பிராசா மண்வெட்டியுடன் வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். பச்சைத் தாள்களை வழித்தெறிந்துவிட்டு முழங்காலளவு தோண்டியிருப்பான், மண்வெட்டி இரும்பில் பட்டுக் கணீரென்றது. அரிசியோடு யாருடையவோ நகைப் பெட்டியையும் அடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

நிமிர்ந்தால், வாசல் படலையடியில் இரத்தினேஸ்வரி. இடுப்புக் குடத்தை இறக்கவுமில்லை, உள்ளே காலெடுத்து வைக்கவுமில்லை.

“அதை அப்பிடியே விட்டிட்டு வாங்கோ அண்ணை,” என்றாள் மெதுவாக. “ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. அறிஞ்சா வெள்ளைக்கார ஆமிக்காரர் என்னை இந்த வீட்டில இருக்க விடாங்கள். இவர் வந்தா என்னை எங்க தேடுவார்?”

கள்ளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். கோணாமலையின் பெயரைச் சொல்லி இரக்கம் வேறு தேடுகிறாள். பெட்டியை உடைத்து ஊருக்கே காட்டிவிடுவது என்று தம்பிராசா மண்வெட்டியை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கினான்.

“கொத்தாதேங்கோ அண்ணை, அது அண்டைக்கு விழுந்து வெடிக்காத குண்டு.”